அச்சிட்ட டிரான்சிஸ்டர்களில் எத்தனை வேலை செய்தன என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சுருட்டி வைக்கக்கூடிய திரைகள், தோலின் மேல் ஒட்டிக்கொள்ளும் உணரிகள், மடித்தாலும் உடையாத மின்சுற்றுகள் ஆகியவை பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வரும் செய்திகளை ஆர்வத்தோடு வாசித்துவருகிறேன். அவற்றில் “நாளிதழ் அச்சிடுவதைப்போல மின்சுற்றுகளையும் அச்சிட்டுவிடலாம்” என்ற கருத்து அடிக்கடி இடம்பெறுகிறது. கரிமக் குறைக்கடத்தி மைகளை, அதாவது கார்பன் சேர்மங்களால் ஆன குறைக்கடத்திகளைக் கரைத்த மைகளை, பிளாஸ்டிக் தாளில் பூசிப் பார்க்கும் பணியில் ஈடுபட்டிருக்கும் வாசகர் என்ற முறையில், அது தவறான கருத்து என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆய்வுக்கூட மேசையில் நன்றாக இயங்கும் ஒரு டிரான்சிஸ்டருக்கும், அச்சு உருளையிலிருந்து மீட்டர் மீட்டராக வெளிவரும் பல லட்சம் டிரான்சிஸ்டர்களுக்கும் இடையில் உள்ள தொலைவு அந்தச் செய்திகளில் காணாமற்போய்விடுகிறது. துறையின் உண்மையான உழைப்பு இன்று அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

பொருளின் வரலாறு பலருக்கும் தெரிந்ததே. பாலிஅசெட்டிலீன் என்னும் பாலிமரில் அயோடினைச் சேர்த்தால் அது மின்சாரத்தை நன்கு கடத்துகிறது என்பதை ஷிரகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் 1977இல் வெளியிட்டார்கள். அதற்காக 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பாலிதையோபீன் என்னும் பாலிமரைக் கொண்ட டிரான்சிஸ்டரை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1986இல் செய்துகாட்டினார்கள். மின்னூட்டம் ஒரு பொருளுக்குள் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைக் காட்டும் இயக்க எண், அந்த டிரான்சிஸ்டரில் ஒரு வோல்ட்-வினாடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. பிரான்சில் கார்னியே குழுவினர் 1994இல் எல்லா அடுக்குகளும் பாலிமரால் ஆன டிரான்சிஸ்டரை அச்சு முறைகளால் உருவாக்கினார்கள். 2011இல் ஜப்பானில் இங்க்ஜெட் முறையில் ஒற்றைப் படிகப் படலங்களை அச்சிட்டவர்கள், அதே அலகில் சராசரியாக 16க்கு மேற்பட்ட இயக்க எண்ணைப் பெற்றார்கள். திரைகளின் பின்புறத்தில் நீண்ட காலமாகப் பயன்பட்டுவரும் படிகமற்ற சிலிக்கானின் இயக்க எண் ஏறத்தாழ 1 மட்டுமே. எனவே பொருளின் தரம் போதாது என்ற குறை பல ஆண்டுகளுக்கு முன்பே நீங்கிவிட்டது. ஆயினும் அச்சிட்ட கரிம டிரான்சிஸ்டர்கள் நம் கைகளில் உள்ள கருவிகளுக்குள் பரவலாக வந்துசேரவில்லை. ஏன் என்ற கேள்வியைத்தான் செய்திகள் எழுப்ப வேண்டும்.

முதலில், தாளில் விழும் மைத்துளிக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். இங்க்ஜெட் முனையிலிருந்து விழும் 10 பிக்கோலிட்டர் துளி ஒன்றின் விட்டம் சுமார் 27 மைக்ரோமீட்டர். அதன் கன அளவில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் குறைக்கடத்தி, மீதி கரைப்பான் என்று வைத்துக்கொள்வோம். அது 60 மைக்ரோமீட்டர் வட்டமாகப் பரவிக் காய்ந்தால் எஞ்சும் படலத்தின் சராசரித் தடிமன் 35 நானோமீட்டர். சராசரி என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். துளியின் விளிம்பில் கரைப்பான் விரைவாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும் திரவம் கரைபொருளையும் இழுத்துச் சென்று ஓரத்தில் சேர்த்துவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டத்தின் ஓரம் தடித்த கரையாகவும், நடுப்பகுதி கிட்டத்தட்ட வெறுமையாகவும் தெரியும். காய்ந்த காப்பித் துளி விட்டுச்செல்லும் வளையத்தை விளக்கி 1997இல் வெளிவந்த ஆய்வு சொன்ன அதே இயக்கம்தான் இது. இதைத் தடுக்க, கொதிநிலையும் பரப்பு இழுவிசையும் வேறுபட்ட இரண்டு கரைப்பான்களைக் கலந்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி எதிர் ஓட்டம் ஒன்றை உண்டாக்குகிறோம். கலவையின் விகிதம், தாளின் வெப்பநிலை, அதன் மேல் வீசும் காற்று ஆகியவற்றில் ஒன்று சற்று மாறினாலும் விளைவு மாறிவிடுகிறது.

நாளிதழில் ஒரு படத்தின் மை ஓரிடத்தில் சற்றுத் தடித்தும் வேறிடத்தில் சற்று மெலிந்தும் இருந்தால் வாசகரின் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், டிரான்சிஸ்டர் பொறுத்துக்கொள்ளாது. டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் கேட் மின்வாயில் மின்னழுத்தம் தரும்போது மின்னூட்டம் திரள்வது, மின்காப்புப் படலத்தை ஒட்டியுள்ள முதல் சில மூலக்கூறு அடுக்குகளில் மட்டுமே. 35 நானோமீட்டர் படலத்தில் உண்மையாக வேலை செய்வது அதன் அடிப்பகுதியோ மேற்பகுதியோ ஆன மிக மெல்லிய ஒரு பட்டைதான். அந்தப் பட்டையில் மூலக்கூறுகள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன, படிகத் துணுக்குகளின் எல்லைகள் எங்கே விழுகின்றன என்பவையே மின்னோட்டத்தைத் தீர்மானிக்கின்றன. வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு படலங்கள் மின்சாரத்துக்கு முற்றிலும் வேறுபட்ட இரண்டு பொருள்களாக இருக்கலாம்.

நல்ல படிகம் வேண்டுமானால் மெதுவாகப் பூச வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஜெனன் பாவோ குழுவினர் வளர்த்தெடுத்த முறையில், சாய்ந்த கத்தி போன்ற ஒரு தகடு கரைசலை இழுத்துக்கொண்டே போக, அதன் பின்னால் திரவத்தின் விளிம்பில் படிகம் திசை தவறாமல் வளர்கிறது. அந்தத் தகட்டில் நுண்ணிய தூண்களை நிறுத்தித் திரவ ஓட்டத்தை ஒழுங்குபடுத்தியபோது, அச்சில் பயன்படத்தக்க பென்டசீன் வழிப்பொருள் ஒன்றில் 8க்கு மேற்பட்ட சராசரி இயக்க எண் கிடைத்தது என்று 2013இல் அறிவித்தார்கள். அருமையான வேலை, ஐயமில்லை. ஆனால் இத்தகைய பூச்சு நடக்கும் வேகம் வினாடிக்கு மில்லிமீட்டர் கணக்கு அல்லது அதற்கும் குறைவு. பொறித்த உருளையால் அச்சிடும் கிராவூர் இயந்திரமோ வினாடிக்கு மீட்டர் கணக்கில் ஓடக்கூடியது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் இயற்பியலே மாறிவிடுகிறது: மெதுவாக ஓடும்போது திரவத்தின் விளிம்பிலேயே, ஆவியாதலோடு சேர்ந்து படலம் உருவாகிறது, விரைவாக ஓடும்போது ஈரப்படலம் முதலில் இழுத்துப் பரப்பப்பட்டு, அது பிறகு தனியாகக் காய்கிறது. முன்னதில் வேகம் கூடக்கூடப் படலம் மெலியும். பின்னதில் வேகம் கூடக்கூடத் தடிக்கும். ஆகவே, மேசையில் மெதுவாகப் பெற்ற படிகத்தை உருளையில் அப்படியே விரைவாகப் பெறலாம் என்று எண்ணுவதற்கு இடமில்லை. இரண்டுக்கும் மையையே வேறு விதமாக வடிவமைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, அச்சகத்தில் பணிபுரிவோர் அனைவரும் அறிந்த ரிஜிஸ்டர் பிரச்சினை, அதாவது ஓர் அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு இடம் தவறாமல் பொருந்துவது. இதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும் என்று கருதுகிறேன். ஒரு டிரான்சிஸ்டருக்குக் குறைந்தது நான்கு அடுக்குகள் தேவை: கேட் மின்வாய், மின்காப்பு, மின்னோட்டம் நுழைந்து வெளியேறும் சோர்ஸ்–டிரெயின் மின்வாய்கள், குறைக்கடத்தி. இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியான இடத்தில் விழ வேண்டும். வண்ண அச்சில் நான்கு நிறங்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால் எழுத்தின் ஓரம் சற்று மங்கும், அவ்வளவுதான். இங்கே சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடையில் உள்ள சேனலின் நீளமே 20 மைக்ரோமீட்டர் என்றால், அந்த அளவு விலகலில் கேட் வேறெங்கோ போய்விடும்.

விலகலுக்கு முதற்காரணம் தாளே. கண்ணாடியையும் சிலிக்கானையும்போல் பிளாஸ்டிக் தாள் அசையாமல் இருப்பதில்லை. பாலியெஸ்டர் வகைத் தாள்கள் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 20 பங்கு நீள்பவை. 300 மில்லிமீட்டர் அகலத் தாள் 10 டிகிரி சூடேறினால் 60 மைக்ரோமீட்டர் விரிகிறது; அதாவது சேனலைப்போல் மூன்று மடங்கு. வெள்ளி மையைக் கடத்தியாக்க 120 டிகிரிக்குக் குறையாமல் சூடேற்றுவது வழக்கம். சூட்டில் நீண்ட தாள் குளிர்ந்தபின் பழைய அளவுக்கே திரும்புவதுமில்லை, அது ஓரளவு நிரந்தரமாகச் சுருங்கிவிடுகிறது. இதோடு உருளைகளுக்கிடையிலான இழுவிசையும் தாள் உறிஞ்சும் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கின்றன. இங்க்ஜெட்டுக்கு இந்த இடத்தில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: தாளிலுள்ள அடையாளக் குறிகளைக் கேமராவால் பார்த்து, எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கணக்கிட்டு, அடுத்த அடுக்கைத் திருத்தி அச்சிடலாம். கிராவூர் உருளையிலோ பொறித்தது பொறித்ததுதான். ஆனால் வேகத்தில் கிராவூரை இங்க்ஜெட் நெருங்கவே முடியாது.

விலகலைச் சமாளிக்க வடிவமைப்பாளர்கள் கேட்டை வேண்டிய அளவைவிட அகலமாக வரைந்து, சோர்ஸ், டிரெயின் இரண்டின் மேலும் படியும்படி விடுகிறார்கள். அந்த மேற்படிவுக்கு விலை உண்டு. இயக்க எண் 1, மின்னழுத்தம் 10 வோல்ட், சேனல் நீளம் 20 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், டிரான்சிஸ்டர் எட்டக்கூடிய உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 400 கிலோஹெர்ட்ஸ். இரு பக்கமும் 20 மைக்ரோமீட்டர் மேற்படிவை விட்டால், வேண்டாத மின்தேக்குத்திறன் சேர்ந்து அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மாறாக, மேற்படிவு இல்லாமல் சேனலைப் பாதியாகக் குறைத்தால் வேகம் நான்கு மடங்காகும். புதிய மூலக்கூறு ஒன்றைத் தேடிப் பல ஆண்டு உழைத்து இயக்க எண்ணை இரட்டிப்பாக்குவதைவிட, அச்சின் துல்லியத்தை இரட்டிப்பாக்குவது கூடுதல் பலன் தரும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுவோர் மூலக்கூறுக்குத் தரும் தலைப்புகளில் ஒன்றையாவது ரிஜிஸ்டருக்கும் தரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதற்கு வழி காண முயன்றவர்களில் கேம்பிரிட்ஜின் சிரிங்ஹாஸ், ஃபிரெண்ட் ஆகியோரின் குழு முன்னோடி. மை ஒட்டாத பாலிஇமைடு என்னும் பாலிமரால் ஆன கோடு ஒன்றை அடித்தளத்தில் முதலில் வரைந்து, அதன் இரு புறமும் கடத்தும் பாலிமர் மைத்துளிகளை விழச்செய்தார்கள். கோட்டின் மேல் விழும் மை தானாக விலகி ஓடுவதால், துளி விழும் இடத்தில் சிறு பிழை இருந்தாலும் 5 மைக்ரோமீட்டர் இடைவெளி பிழையின்றிக் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு என் மதிப்பில் இத்துறையின் மிகச் சிறந்த சிந்தனைகளில் ஒன்று. இயந்திரத்தின் துல்லியத்தை மட்டும் நம்பாமல், பரப்பின் இயல்பையே வேலைக்கு அமர்த்தினார்கள்.

இனி, தலைப்பில் நான் குறிப்பிட்ட எண்ணுக்கு வருகிறேன். ஆயிரம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட சிறிய தருக்கச் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் பழுதின்றி அமையும் வாய்ப்பு 99 விழுக்காடு என்றால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிலையில், ஆயிரமும் சேர்ந்து பழுதின்றி அமையும் சுற்றுகள் லட்சத்தில் நான்கு மட்டுமே. வாய்ப்பு 99.9 விழுக்காடானால் சுற்றுகளில் 37 விழுக்காடு தேறும், 99.99 ஆனால் 90 விழுக்காடு. எனவே ஆய்வுக்கூடத்தில் “கிட்டத்தட்ட எல்லாமே வேலை செய்தன” என்று சொல்லும் நிலைக்கும் தொழிற்சாலைக்குத் தேவையான நிலைக்கும் இடையில் பத்து மடங்காகவும் நூறு மடங்காகவும் பழுதைக் குறைத்தாக வேண்டும். பழுதுகளும் ஒரே தன்மையானவை அல்ல. திரை ஒன்றின் புள்ளிகளை இயக்கும் பின்தளத்தில் ஒரு டிரான்சிஸ்டர் திறக்காவிட்டால் ஒரு புள்ளி மட்டும் இருளும். அதே இடத்தில் மின்காப்புப் படலத்தில் ஊசித்துளை ஒன்று இருந்து, கேட் இணைப்பும் சோர்ஸ் இணைப்பும் ஒட்டிக்கொண்டால் அந்த வரிசை முழுவதும் கெடும். சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள மின்காப்பை ஒரு சதுர மீட்டருக்கு ஊசித்துளையின்றி அச்சிடுவது எவ்வளவு கடினம் என்பதை, காற்றில் மிதக்கும் தூசுத் துகளின் பருமனோடு அந்தத் தடிமனை ஒப்பிட்டுப் பார்த்தால் உணரலாம்.

வேலை செய்யும் டிரான்சிஸ்டர்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அவை இயங்கத் தொடங்கும் பயன்தொடக்க மின்னழுத்தம் ஒன்றுக்கொன்று விலகினால், ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்று மூடியிருக்கும். தொடர்ந்து மின்னழுத்தத்தில் வைத்தால் அந்த மதிப்பு நேரத்தோடு நகர்வதும் உண்டு. ஈரப்பதமும் ஆக்சிஜனும் அதை இன்னும் நகர்த்துவதால் மேலுறைப் படலம் இல்லாமல் இவற்றை வெளியே விட முடியாது.

இயக்க எண்ணையே தனித்து நம்ப முடியாத நிலையும் இருக்கிறது. மின்வாய்க்கும் குறைக்கடத்திக்கும் இடையிலான தடை, கேட் மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறினால், வழக்கமான வாய்பாட்டின்படி கணக்கிடும் இயக்க எண் உண்மையைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ கூடுதலாகத் தோன்றலாம் என்பதை 2016இல் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. கரிம டிரான்சிஸ்டர்களை எப்படி அளந்து அறிவிக்க வேண்டும் என்பதற்கு மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1620 என்ற தரமுறை 2004இலேயே வெளியானது. அச்சு மின்னணுவியலுக்கென்றே, மின்தொழில்நுட்பத்துக்கான பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.இ.சி. 2011இல் தனிக் குழுவை, 119ஆம் தொழில்நுட்பக் குழுவை, அமைத்தது. கருவிகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தி எழுதும் பழக்கம்தான் இன்னும் பரவ வேண்டும்.

கேம்பிரிட்ஜ் ஆய்விலிருந்து பிறந்த பிளாஸ்டிக் லாஜிக் நிறுவனம் ஜெர்மனியின் டிரெஸ்டனில் 2008இல் தொழிற்சாலை திறந்தது. கியூ என்ற மின்வாசிப்புக் கருவியை 2010 ஜனவரியில் அறிமுகப்படுத்திவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் கைவிட்டது. இதைத் தோல்வி என்று ஒரு சொல்லில் முடிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. பிளாஸ்டிக் தாளில் லட்சக்கணக்கான கரிம டிரான்சிஸ்டர்களைக் கொண்ட பின்தளத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியும் என்பது அங்கே நிரூபணமானது. அந்த அறிவு இன்றும் பயன்பட்டுவருகிறது.

வேறொரு குழப்பத்தையும் நீக்க வேண்டியிருக்கிறது. டோக்கியோவில் தகாவோ சோமேயா குழுவினர் 2013இல் செய்துகாட்டிய, சதுர மீட்டருக்கு 3 கிராம் மட்டுமே எடையுள்ள மின்னணுப் படலமும், பாவோ குழுவினர் 2018இல் சதுர சென்டிமீட்டருக்கு 347 டிரான்சிஸ்டர்கள் வீதம் அமைத்த, இழுத்தால் நீளும் டிரான்சிஸ்டர் தொகுதியும் செய்திகளில் “அச்சிட்ட மின்னணுவியல்” என்ற தலைப்பின்கீழ் சேர்த்துப் பேசப்படுவதைக் காண்கிறேன். முன்னதில் குறைக்கடத்தி வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கப்பட்டது. நெகிழ்கிறது என்பதாலோ கரிமப் பொருள் என்பதாலோ ஒன்று அச்சு இயந்திரத்திலிருந்து வந்ததாகிவிடாது. எது எந்த முறையில் செய்யப்பட்டது, எத்தனை அடுக்குகள் உண்மையில் அச்சானவை என்பதைச் செய்தி பிரித்துச் சொன்னால், இரண்டு வகைச் சாதனைகளுக்கும் உரிய மதிப்பு கிடைக்கும்.

அச்சிட்ட டிரான்சிஸ்டர் சிலிக்கான் சில்லுக்குப் போட்டி என்று எழுதுவதும் பொருந்தாது. சிலிக்கானில் ஒரு டிரான்சிஸ்டருக்கு ஆகும் செலவு மிக மிகக் குறைவு. அதில் அதை யாரும் வெல்லப்போவதில்லை. சிலிக்கானில் செலவு பிடிப்பது பரப்பு. குறைந்த எண்ணிக்கையிலான டிரான்சிஸ்டர்களைப் பெரிய பரப்பில் பரப்பிவைக்க வேண்டிய இடங்களான திரையின் பின்தளம், அழுத்தத்தை உணரும் விரிப்பு, எக்ஸ்-ரே படத்தளம் போன்றவையே அச்சு முறை தன் பலத்தைக் காட்டக்கூடிய இடங்கள்.

கரைப்பான்களைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வுக்கூடத்தில் குளோரோபார்ம், குளோரோபென்சீன் போன்றவற்றில் சில மில்லிலிட்டர்களைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துக் கையாள்கிறோம். அதே மை அச்சு இயந்திரத்துக்குப் போகும்போது அவை லிட்டர் கணக்கில் ஆவியாகும், இயந்திரத்தின் அருகில் மனிதர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். குளோரின் இல்லாத கரைப்பான்களில், எடுத்துக்காட்டாக அனிசோலில், கரையும்படி மூலக்கூறுகளை வடிவமைக்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. இயக்க எண் சற்றுக் குறைந்தாலும் அவற்றையே நான் முன்னேற்றம் என்பேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை இத்தகைய செய்தியை வெளியிடும்போது, மிகச் சிறந்த ஒரு டிரான்சிஸ்டரின் இயக்க எண்ணோடு நிறுத்திவிடாமல், மொத்தம் எத்தனை செய்யப்பட்டன, அவற்றில் எத்தனை இயங்கின, அவற்றின் மதிப்புகள் எவ்வளவு பரவிக்கிடந்தன, சேனலின் நீளம் என்ன, எந்த வேகத்தில் எத்தனை அடுக்குகள் அச்சிடப்பட்டன என்பவற்றையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுதும்படி வேண்டுகிறேன். இந்த எண்களில் பல, ஆய்வுக் கட்டுரையோடு வெளியாகும் துணைக் கோப்பில் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் கிடைத்துவிடும். ஐம்பது டிரான்சிஸ்டர்களை அச்சிட்டு ஐம்பதையும் அளந்து, அவற்றில் நாற்பத்தொன்பது ஒன்றுபோல் இயங்கின என்று அறிவிக்கும் குழு, பெரிய இயக்க எண் எதையும் காட்டாமற்போனாலும், அதற்கும் தங்கள் பக்கத்தில் இடம் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்